கடலில் யாரும் விதைப்பதில்லை

மீன் உற்பத்தியைப் பெருக்கினால் மீனவர் வாழ்வு தானாக உயரும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய மீன்வளக் கொள்கை இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஆட்சிகள் மாறின, திட்டங்களின் பெயர்கள் மாறின, நம்பிக்கை மட்டும் அசையவில்லை. 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். 2018-19இல் 137.58 லட்சம் டன்னாக இருந்த மீன் உற்பத்தி 2024-25க்குள் 220 லட்சம் டன் ஆக வேண்டும், ஏற்றுமதி ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தொட வேண்டும் என்பவை அதன் தலையாய இலக்குகள். 55 லட்சம் பேருக்கு வேலை என்ற வாக்குறுதியும் உண்டு. அதுவும் உற்பத்தி பெருகுவதன் விளைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அமைச்சர்கள், வங்கி அதிகாரிகள், பொருளாதாரப் பத்தி எழுதுபவர்கள், மீனவர் சங்கத் தலைவர்களில் பலர் என எல்லாத் தரப்பும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சண்டை எல்லாம் மானியம் போதுமா போதாதா என்பதில்தான்.

இந்த நம்பிக்கை தவறானது. வயலுக்கு எழுதிய கொள்கையைக் கடலுக்குப் படியெடுத்ததால் வந்த தவறு இது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் வைத்துவிடுகிறேன். அறுபதுகளில் தானியத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாடு இது. விதை, உரம், கடன், ஆதரவு விலை என அரசு துணைநின்றதால் களஞ்சியம் நிறைந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் பலித்தது மீனுக்கு ஏன் பலிக்காது? மீன் ஏழைக்குக் கிடைக்கும் நல்ல புரதம். உலகக் கடல்களின் பிடிப்பு எண்பதுகளின் இறுதியிலிருந்தே ஏறவில்லை. ஆனால் வளர்ப்பு மீன் ஏறிக்கொண்டே வந்து, 2022இல் முதல்முறையாகப் பிடிப்பைத் தாண்டிவிட்டது என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. ஆகவே பண்ணையில் வளரும் ஒவ்வொரு மீனும் கடலில் ஒரு மீனைக் காப்பாற்றுகிறது. அந்நியச் செலாவணியும் வருகிறது: 2023-24இல் இந்தியா 17.81 லட்சம் டன் கடலுணவை 60,523 கோடி ரூபாய்க்கு விற்றது. பணக்கார நாடுகள் பல பத்தாண்டுகள் மானியம் கொட்டிக் கடலை வாரிய பிறகு, நம் மீனவருக்குக் கொடுக்கும் சில்லறையைக் குறைக்கச் சொல்வது அநியாயம். இவைதான் அந்தத் தரப்பின் வாதங்கள்.

இவற்றில் பல செய்திகள் உண்மை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுகள்தான் நிற்கவில்லை.

1. கடலில் உழவர் யார்?

உழவர் ஒருவருக்கு அரசு மானிய விலையில் உரம் கொடுத்தால் அவர் வயலில் நெல் கூடுகிறது; பக்கத்து வயலின் விளைச்சல் அதனால் குறைவதில்லை. கடலில் நடப்பது வேறு. மீனை மீன்தான் பெருக்குகிறது. மனிதர் சேர்ப்பது படகு, இயந்திரம், வலை, டீசல் ஆகிய பிடிக்கும் ஆற்றலை மட்டுமே. அந்த ஆற்றலுக்குக் கொடுக்கும் மானியத்தால் ஒரு மீன்குஞ்சுகூடக் கூடுதலாகப் பொரிப்பதில்லை. இருக்கிற மீனை யார் முந்திப் பிடிப்பது என்ற ஓட்டத்தில் ஒருவருக்கு வேகம் கூடுகிறது, அவ்வளவுதான். மீன் நிறைந்த கடலில் புதிய படகு புதிய மீனைக் கொண்டுவரும். ஓர் அளவைத் தாண்டிய பிறகு அதே மீனைத்தான் பங்குபோடும். அதையும் தாண்டினால் முட்டையிட வேண்டிய தாய்மீனைத் தின்னத் தொடங்கும்.

இந்த எளிய வேறுபாடு தெரியாமல்தான் 2019வரை மீன்வளம் மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருந்ததா? தெரிந்தே இருந்தது என்றால் இன்னும் மோசம். தனி அமைச்சகம் வந்த பிறகும் சிந்தனை மாறவில்லை. உழவருக்கான கிசான் கடன் அட்டைதான் இன்றும் மீனவருக்கும். சாகுபடிச் செலவுக்குக் கடன் கொடுப்பதுபோலக் கடல்பாட்டுக்கும் கடன்.

வரலாறு இதை ஒருமுறை தெளிவாகவே காட்டிவிட்டது. 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஏழைக் கடலோடிகளின் வாழ்வை உயர்த்துவதே நோக்கம். விசைப்படகு வந்தது, இழுவலை வந்தது, உறைபதன ஆலை வந்தது. பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்குக் கிராக்கி ஏறியது. கடலோடு சம்பந்தமே இல்லாத முதலீடு படகுகளில் இறங்கியது. கட்டுமரத்தில் போனவர்களின் வலைகளை இழுவலைகள் அறுத்தன. எழுபதுகளில் கேரளம், தமிழ்நாடு, கோவா கரைகளில் மோதல்கள் வெடித்தன. அவற்றின் விளைவாகத்தான் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஒரு கையால் அரசு எழுதிய சட்டம் அது. மறு கை மானியத்தை நிறுத்தவே இல்லை.

இன்றும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காகவே அது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே அரசு ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த விற்பனைவரி விலக்கு டீசலை 2023இல் 19,000 லிட்டராக உயர்த்தியது. இரண்டு மாதம் நிறுத்தி வைத்துவிட்டு, மீதிப் பத்து மாதமும் விரட்டிப் பிடிக்க எரிபொருளுக்குக் கைகொடுப்பதால் கடலுக்கு என்ன மிஞ்சும்? கரைக்கு அருகே மீன் குறைந்தபோது படகு நிற்கவில்லை. ஒரே நாளில் திரும்பியவர்கள் பல நாள் தங்கிப் பிடிக்கப் போனார்கள். டீசல் முழு விலைக்கு விற்றிருந்தால் அந்தப் பயணங்களில் பல கட்டுபடியாகாமல் தாமாகவே நின்றிருக்கும். மீன் குறைகிறது என்று கடல் சொல்லும் சேதி மீனவரின் கைக்கணக்குக்கு எட்டாதபடி மானியம் மறைத்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகும் இதே பிழை நடந்தது. அன்போடு வந்த உதவிதான். யாரையும் குறைசொல்ல முடியாது. கண்ணாடியிழைப் படகுகளாக வந்து குவிந்ததில், பல ஊர்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிடப் பின்பு படகுகள் அதிகம். கருணையோடு கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

2. டன் என்ற அளவை எதை மறைக்கிறது?

2022-23இல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. அதில் 131.13 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலும் குளங்களிலும் பண்ணைகளிலும் வந்தது. கடலை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2012இல் கரைசேர்ந்த கடல்மீன் 39.4 லட்சம் டன். 2023இல் 35.3 லட்சம் டன். 2024இல் 34.7 லட்சம் டன். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை புதிய இயந்திரங்கள், எத்தனை துறைமுகங்கள், எத்தனை கோடிகள்! பிடிப்பு கூடவில்லை. ஆந்திரத்துக் குளத்தில் வளர்ந்த கெண்டையையும் இராமேசுவரத்தில் குறைந்த மீனையும் ஒரே கூட்டுத்தொகையில் போட்டால், இராமேசுவரத்துக்காரரின் இழப்பு நாட்டின் வளர்ச்சியாகத் தெரிகிறது.

இது முதல் மறைப்பு. அதைவிடக் கொடியது இரண்டாவது. டன்னுக்கு எல்லா மீனும் ஒன்று.

இழுவலையின் மடி வாரியதைத் துறைமுகத்தில் இறக்கும்போது ஏலத்துக்குப் போகும் மீன் தனியாகப் பிரிக்கப்படும். மிச்சம் ஒரு குவியலாகக் கிடக்கும். சங்காயம் என்பார்கள். காரலும் சிறுநண்டும் பெயர் தெரியாத பொடிகளும் கலந்த குவியல் அது. உற்றுப் பார்த்தால் அதற்குள் விரல் நீளத்தில் பாறைக்குஞ்சும் சீலாக்குஞ்சும் சங்கராக்குஞ்சும் கிடக்கும். இன்னும் ஓராண்டு கடலில் விட்டிருந்தால் கிலோ நூற்றுக்கணக்கில் விலைபோகும் மீன்கள், கூடையோடு சில ரூபாய்க்கு மீன்மாவு ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் போகின்றன. அரசின் பதிவேட்டில் அதுவும் உற்பத்தி. ஒரு டன் சங்காயமும் ஒரு டன் வஞ்சிரமும் கணக்கை இலக்கை நோக்கிச் சமமாக நகர்த்துகின்றன. குஞ்சை வாரினால் இலக்கு எட்டும். குஞ்சை விட்டுவைத்தால் அந்த ஆண்டின் உற்பத்தி குறையும். கடல் தேய்வதை முன்னேற்றமாகப் பதிந்துகொள்ளும் இலக்கு எப்படிப்பட்ட இலக்கு?

கேரளத்தின் மத்தி மீனை நினைத்துப் பாருங்கள். 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் கரைசேர்ந்த மீன், 2021இல் வெறும் 3,297 டன்னாக விழுந்தது. கடல் வெப்பநிலை மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கடல் தானாகவே தடுமாறும் ஆண்டுகளில் குஞ்சுகளையும் சேர்த்து வாரிக்கொண்டால் மீட்சிக்கு வழி எங்கே? கேரள அரசு 2015இல் குறிப்பிட்ட சில இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடி அளவை அறிவித்தது. அந்த அளவுக்குக் கீழ் பிடித்தால் குற்றம். டன் கணக்கு பார்ப்பவர்களுக்கு அது உற்பத்தியைக் குறைக்கும் விதி. மீனைப் பார்ப்பவர்களுக்கு அதுதான் உண்மையான உற்பத்திக் கொள்கை.

உலக வங்கி 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உலகக் கடல்களில் ஆண்டுக்கு 83 பில்லியன் டாலர் அளவுக்கு வருமானம் வீணாகிறது என்று கணக்கிட்டது. காரணம், படகுகள் மிகையாகவும் மீன்கள் குறைவாகவும் இருப்பது. குறைவான முயற்சியில் பிடித்தால் மீன்வளம் மீண்டு, இலாபம் கூடும் என்பது அந்த ஆய்வின் சாரம். வேளாண் புத்தி இதை எளிதில் ஏற்காது. குறைவாக உழுதால் அதிகம் விளையும் என்று உழவரிடம் சொல்ல முடியுமா? கடலில் அது சாத்தியம்.

3. பண்ணை இறால் கடலைக் காப்பாற்றுகிறதாம்!

இந்த வாதத்துக்குத்தான் படித்தவர்கள் அதிகம் மயங்குகிறார்கள். எனவே பொறுமையாகப் பார்க்க வேண்டும். 'மீன் வளர்ப்பு' என்று ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு தொழில்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று கெண்டை வளர்ப்பு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி, தேங்கிய நீரில் முட்டையிடாத இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அன்றுவரை ஆற்றில் குஞ்சு பொறுக்கி வளர்த்த நாடு, அதன்பின் தேவையான குஞ்சைத் தானே உற்பத்தி செய்துகொண்டது. அந்த நாள் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது, கொண்டாடத் தகுந்ததுதான். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் குளத்தின் நுண்ணுயிர்களையும் தவிட்டையும் புண்ணாக்கையும் தின்று வளரும். உள்ளூர்ச் சந்தையில் ஏழையும் வாங்கும் விலைக்கு வரும். வேளாண் கொள்கை நேர்மையாகப் பலித்த இடம் இது. இதற்குக் கொடுக்கும் மானியத்தை நான் எதிர்க்கவில்லை. இன்னும் கொடுங்கள் என்கிறேன்.

மற்றொன்று இறால். 2023-24இல் நம் ஏற்றுமதியில் உறைந்த இறால் மட்டும் 40,013 கோடி ரூபாய், மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதில் பெரும்பகுதி 2009இல் அனுமதி பெற்று வந்த, பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி. இது தவிட்டில் வளர்வதில்லை. தீவனத்தில் மீன்மாவு வேண்டும். ஒரு கிலோ இறாலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோ தீவனம் என்று வையுங்கள். அதில் மீன்மாவின் பங்கு ஆலைக்கு ஆலை மாறும். 15 விழுக்காடு என்று குறைத்தே வைக்கலாம். அப்படியானால் 210 கிராம் மீன்மாவு. ஒரு கிலோ மாவுக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சை மீன் வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ இறாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கடல்மீன். மத்தி, நெத்திலி, சங்காயம் என்று ஏழையின் சட்டிக்குப் போக வேண்டிய மீனும், பெரிய மீன் ஆகியிருக்க வேண்டிய குஞ்சும் ஆலைக்குள் போய், அயல்நாட்டு மேசைக்கான இறாலாக வெளியே வருகின்றன.

அதாவது இறால் பண்ணை கடலுக்கு மாற்றாக நிற்கவில்லை, கடலின் வாடிக்கையாளராக நிற்கிறது. சங்காயத்துக்கு ஒரு நிலையான சந்தையை உண்டாக்கிக் கொடுத்து, குஞ்சு பிடிக்கும் வலைக்கு மேலும் ஒரு காரணம் கொடுக்கிறது. முன்பு வேண்டாம் என்று கடலிலேயே கொட்டியதை இப்போது கரைக்குக் கொண்டுவந்தால் டீசல் செலவில் ஒரு பகுதி தேறும்! இரண்டு மானியங்கள் கைகோக்கும் இடம் இது. ஒன்று படகுக்கு, இன்னொன்று பண்ணைக்கு. நடுவில் நசுங்குவது மீன்குஞ்சு.

4. கரையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

நாகப்பட்டினம் கரையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இறால் குட்டைகள் புற்றீசலாகப் பெருகின. நெல் விளைந்த நிலத்தில் உப்புநீர் நின்றது. கிணறு கரித்தது. நாற்று நடவும் களையெடுக்கவும் போன பெண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏக்கர் கணக்கில் பரந்த இறால் குட்டையைக் காக்கச் சில ஆட்கள் போதும். வலைகாயப் போட்ட புறம்போக்கும் கடலுக்குப் போகும் பாதையும் வேலிக்குள் போயின. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் கிராம மக்களைத் திரட்டிச் சத்தியாகிரகம் செய்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார்.

1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பை இன்றைய கொள்கையாளர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள, மரபுமுறையில் அல்லாத இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற உத்தரவிட்டது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (நீரி) ஆய்வு, இறால் விற்று வந்த வருமானத்தைவிடச் சூழலுக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட சேதத்தின் மதிப்பு அதிகம் என்றே கண்டிருந்தது. வளர்ச்சி என்று எண்ணியது நட்டம் என்று தெரிந்த தருணம் அது.

பிறகு நடந்தது என்ன? தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடைகள் இந்த வளர்ப்புக்குப் பொருந்தா என்ற வரி, 1991 பிப்ரவரி 19 முதலே அந்த அறிவிக்கையில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் பின்னோக்கிப் போய்ச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்! 2023இல் மற்றொரு திருத்தம்; பதிவு செய்யாமல் பண்ணை நடத்தியவருக்கு இருந்த சிறைத்தண்டனை போய் அபராதம் வந்தது. தொழில் நடத்துவதை எளிதாக்குகிறோம் என்றார்கள். குடிநீர் கரித்துப்போன ஊருக்கு எது எளிதானது என்று யாரும் கேட்கவில்லை.

'இறால் வளர்ப்போர் நன்றாக இருக்கிறார்களே' என்பார்கள். அவர்களில் சிறு விவசாயிகளைக் கேளுங்கள். தொண்ணூறுகளின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து குட்டைகளை ஒரே பருவத்தில் காலி செய்தது. வனாமிக்கும் நோய்கள் தொடர்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, நம் இறாலின் மிகப்பெரிய சந்தையே ஆட்டம் கண்டது. ஒரே இனம், பெரும்பாலும் ஒரே நாட்டுச் சந்தை, கடன் வாங்கிய தீவனம்: இந்த மூன்றின் மேல் ஓர் ஏழைக் கரையின் எதிர்காலத்தை வைப்பதற்கு வளர்ச்சி என்று பெயரா?

5. மானியம் யார் கைக்குப் போகிறது?

மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகு ஒன்றின் மதிப்பு 1.20 கோடி ரூபாய். பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு. அதாவது 72 லட்சத்தைத் திரட்டக் கூடியவருக்கு அரசு 48 லட்சம் கொடுக்கும். 72 லட்சம் திரட்ட முடியாதவருக்கு ஒன்றும் கிடையாது. படகில் பங்குக்குப் போகிறவர், கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண், கருவாடு காயவைப்பவர், வலை பின்னுகிறவர் இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. டீசலிலும் இதே கதை. 2023இல் விசைப்படகின் ஒதுக்கீடு 19,000 லிட்டர் ஆனபோது, இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆயிற்று. அதிகம் எரிப்பவருக்கு அதிக உதவி. தடைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நிவாரணம் 8,000 ரூபாய்.

பாக் நீரிணையில் இது உயிர்ப்பிரச்சினையாகவே முற்றிவிட்டது. ஆழம் குறைந்த, கடற்புல் படர்ந்த அந்தச் சிறு கடலில் இராமேசுவரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் எனப் பல கரைகளிலிருந்து இழுவைப் படகுகள் இறங்கின. நம் பக்கத்துக் கடல்தரை வழிக்கப்பட்டுப்போனதால் நம் மீனவர்கள் எல்லை தாண்டினார்கள். அந்தப் பக்கம் கால்நூற்றாண்டுக்கும் மேலான போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவர்களின் வலைகள் அறுபட்டன. இலங்கை 2017இல் இழுவலைத் தொழிலையே சட்டப்படி தடைசெய்தது. கைதும் படகுப் பறிமுதலும் இன்றும் தொடர்கின்றன. நம் மீனவர் மீது நடக்கும் வன்முறையைக் கண்டிக்க வேண்டும். கச்சத்தீவு பற்றிய உரிமைக் கேள்வியையும் எழுப்பலாம். ஆனால் மிகையான இழுவைப் படகுகள் என்ற உண்மை அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நாளைக்கே தீவு திரும்பி வந்தாலும் அதைச் சுற்றியுள்ள கடல் எத்தனை பருவத்துக்கு இந்த மடிகளைத் தாங்கும்?

அரசுக்கே இது தெரியும். 2017இல் அறிவித்த திட்டத்தில் பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டுகளில் விலக்கி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றுவதாகச் சொன்னார்கள். ஒரு படகுக்கு 80 லட்சம். அதில் மத்திய, மாநில அரசுகள் 56 லட்சம் தரும். படகு மிகை என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட திட்டம் அது. அந்த அளவில் பாராட்டுகிறேன். ஆனால் அது இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. ஏன்? இரவு போய்க் காலையில் திரும்பும் தொழில் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொன்னார்கள். 24 லட்சத்துக்குக் கடனும் கைப்பணமுமாகப் புரட்டச் சொன்னார்கள். பழைய படகைக் கொடுத்துவிட்டுக் கௌரவமாக வெளியேறு, அதற்கு ஈடு தருகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. வெளியேறுவதற்கும் ஒரு புதிய படகு வாங்கத்தான் வேண்டியிருந்தது. உற்பத்திப் புத்திக்கு வேறு வழி தெரியவில்லை.

6. 'பணக்கார நாடுகள் முதலில் நிறுத்தட்டும்'

நிறுத்த வேண்டும்தான். உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022 ஜூனில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா அந்தப் பேச்சுகளில் வாதாடியது. தொலைதூரக் கடல்களில் கப்பல்படை நடத்தும் நாடுகளையும் நம் கட்டுமரக்காரரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஜெனீவாவில் அது சரியான வாதம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அது விடையாகாது. வெளியே கட்டுமரத்தின் பெயரைச் சொல்லிப் பெறும் விலக்கு உள்ளே 19,000 லிட்டர் டீசலாக மாறுகிறது. அடுத்தவர் தம் கடலைக் கெடுத்தார் என்பதற்காக நம் கடலைக் கெடுத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்க வேண்டுமா?

அப்படியானால் மீனவருக்கு உதவியே வேண்டாமா என்று கேட்பார்கள். நான் ஒரு ரூபாயையும் குறைக்கச் சொல்லவில்லை. பிடிக்கும் ஆற்றலுக்குப் போகும் பணத்தைப் பிடித்த மீனின் மதிப்புக்கும், பிடிப்பவரின் குடும்பத்துக்கும் திருப்பச் சொல்கிறேன். கரையில் பனிக்கட்டியும் நிழலும் சுத்தமான ஏலக்கூடமும் இருந்தால், மீன் கெட்டு வீணாவது குறைந்து, கூடுதல் மீன் பிடிக்காமலே வருமானம் கூடும். மீன் விற்கும் பெண்ணுக்கு வட்டிக்காரரிடமிருந்து விடுதலை தரும் கடன் வேண்டும். தடைக்கால நிவாரணம் இரண்டு மாதம் ஒரு குடும்பம் உண்மையில் சாப்பிடும் அளவுக்கு உயர வேண்டும். இழுவைப் படகைத் திருப்பிக் கொடுப்பவருக்குப் பணமாகவே ஈடு தர வேண்டும். அதன்பின் அவர் என்ன தொழில் செய்வது என்பது அவர் முடிவு. அந்தப் படகில் வேலை பார்த்தவர்களுக்கும் அந்த ஈட்டில் பங்கு எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டுக் கரையிலும் இனவாரியாகக் குறைந்தபட்சப் பிடி அளவு அறிவிக்கப்பட்டு, அது படகில் மட்டுமின்றி மீன்மாவு ஆலையின் வாசலிலும் சோதிக்கப்பட வேண்டும். மடியைச் சோதிக்கக் கடல் முழுக்க ஆள் தேவை; ஆலையைச் சோதிக்க வாசலில் ஒருவர் போதும். வளர்ப்புக்கான மானியம் கண்மாய்க் கெண்டைக்கு முதலில், ஊராட்சியிலேயே குத்தகை எடுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு முதலில்.

இத்தனைக்கும் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கம் டீசலில் இருக்கட்டும். வரிவிலக்கு டீசல் பெறும் ஒவ்வொரு விசைப்படகும் எங்கே, எந்த வலையில், எந்த இனம், எவ்வளவு, அதில் சங்காயம் எத்தனை கூடை என்ற பதிவேட்டைத் துறைமுகத்தில் மாதந்தோறும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத படகுக்கு அடுத்த மாத ஒதுக்கீடு இல்லை. சங்காயம் குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால் ஒதுக்கீடு குறையும். அப்படிக் குறையும் லிட்டர்கள் அதே துறைமுகத்து நாட்டுப்படகுகளின் கணக்கில் ஏறும். மீன்வளத் துறை நினைத்தால் வரும் ஜூன் 15ஆம் தேதி, தடைக்காலம் முடிந்து முதல் படகு கிளம்பும் காலையிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்.